மதுஷாவின் வளவில் நான்கு நாள்

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது பூதக்கண்ணாடிகள். வியாபாரமா என்று கேட்டார். மட்டக்களப்பில் பிள்ளைகள் நண்டு பார்ப்பதற்கு என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "அங்கே நண்டெல்லாம் பெரிசு, கண்ணாடி தேவைப்படாது என்கிறார்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டி அவர் கையில் இருந்ததால் நானும் சிரித்துவைத்தேன்.

நான் சிதம்பரத்துக்காரி. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் அழைத்துப்போய்ச் சேற்றில் இறக்கிவிடுவதும், அவர்களுக்காக மரம், மீன், பறவைப் பட அட்டைகள் வரைவதும்தான் பல வருஷமாக என் வேலை. அந்த அட்டைகள் எப்படியோ கடல் தாண்டிப் பெரியகல்லாற்றில் ரஜனியின் கைக்குப் போயிருக்கின்றன. ரஜனி முன்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகளை வாவி என்கிற பெரிய காயலின் கரைக்குக் கூட்டிப்போகிறவள். இடையிடையே ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனையும் வரச் சொல்வாள். "ஒருக்கா வந்துட்டுப் போங்க அக்கா" என்று இரண்டு வருஷமாகத் தொலைபேசியில் அரித்துக்கொண்டிருந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நான் நகர்ந்துவிட்டேன்.

மட்டக்களப்பு நகரத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் பாடும் மீனைப் பற்றித்தான் சொல்கிறார்கள். நான் கேட்டதோ பெரியகல்லாற்றுக்கு எந்தப் பஸ் என்று. மீன் பாட்டைப் பற்றி மூன்று பேர் விளக்கிய பிறகு நான்காவது ஆள் பஸ்ஸைக் காட்டினார். காத்தான்குடியில் தெரு நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள் நிற்பதை வாயைப் பிளந்து பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஜன்னல் காற்றில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் கல்முனையில் நின்றது.

"கல்லாறு எப்பயோ போயிட்டே! கூப்பிட்டநான், நீங்க நல்ல நித்திர" என்றார் நடத்துனர். ஊர் விட்டு ஊர் வந்தும் என் தூக்கம் என்னை விடவில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்துத் திரும்பி வந்தேன். ரஜனி வீடு என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "சேத்துக்க புள்ளையள இறக்குற டீச்சரா? எண்ட மகளும் போறவ. மறுகா அந்த உடுப்பக் கழுவுற நான்தான்." என் ஊரிலும் தகப்பன்மார் இதே புகாரைச் சொல்வார்கள், ஆனால் அங்கே துவைப்பது தாயாக இருக்கும்.

ரஜனியின் வீடு நல்ல பெரிய வீடு, முன்னால் சின்னச் சிவப்புப் பழம் பழுத்த ஜாம் மரம். அவளுடைய கணவரிடம், "உங்கள் வீடு அழகாக இருக்கிறது" என்றேன். "இது ரஜனிட வீடு" என்று சிரித்தார். மனைவியை உயர்த்திப் பேசுகிற நல்ல மனிதர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் பிட்டும் இறால் கறியும் மாங்காய்ச் சொதியும். எங்கள் வீட்டில் பிட்டு என்றால் சர்க்கரையும் வாழைப்பழமும்தான். இங்கே இறால் குழம்பை அதன் தலையில் ஊற்றிப் பிசைகிறார்கள். இத்தனை நாள் பிட்டை வீணாக்கியிருக்கிறோம் என்று தோன்றியது.

சாப்பிட்டு முடித்ததும் ரஜனி என்னை இந்த வாரமே வந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்திய காரணம் வெளியே வந்தது. பிள்ளைகள் கூடுகிற கண்டல் மரக் கரை, எங்கள் வாயில் அலையாத்திக் கரை, பொது இடம் இல்லை. யோகன் என்கிற மீன்பிடிகாரரின் வளவு, அதாவது வீட்டு மனை. முன்பாதி காய்ந்த மண், பின்பாதி வாவிக்குள் இறங்கும் கண்டல். திங்கட்கிழமை காலை உழவு இயந்திரத்தில் கிரவல் என்கிற சரளை மண் வருகிறது. கண்டலை வெட்டி, பின்பாதியையும் நிரப்பி, நாலு அறை வைத்து வீடு கட்டப் போகிறார். யோகனின் மனைவி தர்சினி அதற்காகவே குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

"இத வெட்டினா மறுகா நம்மட ஊருக்குக் கிட்டக் கண்டலே இல்ல. புள்ளையளுக்கு எத காட்டுற?" என்றாள்.

சட்டம் இருக்குமே என்றேன்.

"இரிக்கு. ஆனா யோகன் அண்ணன்ட வளவுக்கு நான் ஒபிசரக் கூட்டிட்டு வந்தா, மறுகா இந்த ஊருல நான் எப்பிடி இரிக்கிற? நீங்க வெளியாள். நீங்க சொல்லிப் பாருங்க அக்கா."

சொல்லிவிட்டால் போச்சு என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகிறது.

சனிக்கிழமை காலையில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்காரர்கள் ஒருவர்கூட இல்லை; புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை அவர்களை டியூசன்காரர்கள் விடமாட்டார்களாம். கண்டல் கரையின் ஆரம்பத்தில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கையையும் விரித்து எங்களை நிறுத்தினாள். இரட்டைப் பின்னல், முழங்கால் வரை பழைய சேறு.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. இது எண்ட வளவு."

அதுதான் மதுஷா, யோகனின் ஒரே மகள். இருபது பேரும், நானும், மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினோம். எங்கள் ஊரில் சேற்றுக்குள் இறங்கும் முன் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா என்பதுதான்.

பூதக்கண்ணாடிகளுக்கு நல்ல வரவேற்பு. ஒரு பெரிய கை கொண்ட சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து, அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டன. மதுஷாவுக்கு எந்த வளையில் எந்த நண்டு என்பது அத்துப்படி. இது சண்டைக்காரன், இது பயந்தாங்கொள்ளி, இது நேற்றுத்தான் குடிவந்தது என்று அறிமுகம் செய்துகொண்டே போனாள். நான் ஓர் இடத்தில் கால் வழுக்கி, கையில் அகப்பட்ட கிளையைப் பிடித்தேன்.

"அன்ரி! அத விடுங்க, அது தில்லை! பால் பட்டாக் கண் போயிடும்!"

எனக்குத் தெரியாத மரமா? தில்லையம்பதியில் பிறந்து வளர்ந்து, தில்லை மரத்துக்குத் தனியாக ஓர் அட்டையே வரைந்தவள். இருந்தாலும் சேற்றில் வழுக்குகிறவளுக்குத் தாவரவியல் ஞாபகம் வருவதில்லை. மதுஷா என் கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி, விரல் விரலாகக் கழுவிவிட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

கழுவும்போது கேட்டேன், திங்கட்கிழமை என்ன நடக்கப்போகிறது தெரியுமா என்று.

"ஓம். மண் வருது. மறுகா எனக்கு வீடு. நாலு அறை" என்றாள். பெருமைதான். ரோஸ் நிறம் பூசச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

"இந்த மரமெல்லாம்?"

அவள் என் சுண்டுவிரலை இரண்டாம் முறையாகக் கழுவினாள்.

மத்தியானம் யோகன் என்னைத் தன் தோணியில் படுவான்கரைக்கு, அதாவது வாவியின் மேற்குக் கரைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு அங்கே வட்டையில், வயல்வெளியில், ஓர் உறவினரைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு எருமைத் தயிர் வாங்க வேண்டியிருந்தது. ரஜனிக்கு நாங்கள் இருவரும் தனியாகப் பேச வேண்டியிருந்தது. யோகன் நாற்பது வயதைத் தொடாதவர், குறைவாகப் பேசுகிறவர். போகும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு கம்பு ஊன்றினார்.  வரும்போது, மடியில் தயிர்ச் சட்டியோடு, பேச்சை ஆரம்பித்தேன்.

கண்டல் வேருக்கிடையில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன என்றேன். அவர் கம்பை நிறுத்தினார்.

"அக்கா, அத சொல்ல இந்தியாவில இரிந்து ஒராள் வரணுமா? நான் பிறந்ததில இரிந்து இந்த வாவிக்குள்ள நிக்கிற. கண்டல் போனா இறால் போகும். எனக்குத் தெரியாதா?"

எனக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே பாடம் நடத்தியவள் நான்.

"வேற வளவு இல்ல" என்று அவரே தொடர்ந்தார். "கடல் பக்கம் ஒரு துண்டு கிடக்கு. சுனாமியில தர்சினிட ஆக்கள் அங்கதான் கடலோட போன. அங்க வீடு கட்டினா அவ வந்து இரிக்கமாட்டா."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற ஒன்று, நினைப்பதற்கு முன்னே நாக்கில் வந்து நின்றது.

"பெண் பிள்ளைதானே யோகன்? நாளைக்குக் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் போன பிறகு நாலு அறையில் யார் இருக்கப்போகிறீர்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் ஒன்றுமே புரியாத குழப்பம் இருந்தது. பிறகு சிரித்தார். தோணி ஆடி, தயிர் என் சேலையில் வழிந்தது.

"போறயா? எங்க போற? நம்மட பொம்புளப் புள்ளையள் எங்கயும் போறயில்ல அக்கா. மாப்பிளதான் வாற. நான் தர்சினிட வீட்டுக்கு வந்தநான். ரஜனி டீச்சர்ட மனிசன் களுதாவளையில இரிந்து வந்தவர். வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். தாய் தகப்பன் கட்டிக் குடுக்கோணும். அது எங்கட கடமை." சிரிப்பு மெல்ல அடங்கியது. "நீங்க புள்ளையள அனுப்பி வைக்கிற ஆக்கள் போல."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருந்தும் குத்தியது. 'இது ரஜனிட வீடு' என்று அந்த மனிதர் சொன்னது உபசாரம் இல்லை, உள்ளது உள்ளபடி சொன்னது என்று அப்போதுதான் விளங்கியது. நான் பிறந்த வீடு தம்பிக்குப் போயிற்று. வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்து கணவர் பெயருக்கு வந்தது. ஐம்பத்துநாலு வயதில், எங்கேயும் கையை விரித்து நின்று 'செருப்பைக் கழற்று' என்று சொல்ல எனக்கு ஒரு சாண் இடம் கிடையாது. ஒரு பதினொரு வயதுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். அந்த வீட்டைக் கட்டாதே என்று சொல்லத்தான் நான் தோணியில் ஏறியிருந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் ரஜனி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தயிர் கொட்டிவிட்டது என்றேன். மீதித் தயிரில் கித்துள் பாணி, ஒரு வகைப் பனைப்பாகு, ஊற்றிச் சாப்பிட்டோம். கெட்டியான, லேசாகப் புகை மணக்கிற தயிர். துக்கத்திலும் இரண்டு கிண்ணம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வரும் நாள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் நாலு பேராக வந்தவர்கள், பெரிய வாளியில் தேத்தண்ணி, ஒரு கூடை பணிஸ் என்கிற பன்ரொட்டி. யோகனும் வந்து ஓரமாக நின்றார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ரஜனி வைத்திருந்த விளையாட்டு எங்கள் ஊரில் நானும் நடத்துவதுதான். பிள்ளை தாயின் அல்லது தகப்பனின் கண்ணைத் துணியால் கட்டி, கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப்போய், ஒரு மரத்தைத் தொடவைக்க வேண்டும். பட்டையைத் தடவி, மோந்து, வேரைக் காலால் துழாவி, அது எந்த மரம் என்று பெரியவர் சொல்ல வேண்டும். பிச்சாவரத்தில் வங்கி மேலாளர்கள் எல்லாம் சேற்றில் நின்று அழாக்குறையாகத் திணறியிருக்கிறார்கள்.

இங்கே பாதிப் பேருக்கு அது விளையாட்டாகவே இல்லை. "இது தில்லை, என்னைத் தொட விடாத!" என்று ஒரு தாய் தூரத்திலேயே கத்தினார். காற்று வரும் பக்கத்தை வைத்தே சொல்லிவிட்டார் ஒருவர். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மதுஷா தகப்பனின் சால்வையாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். மூன்று முறை சுற்றிவிட்டு, நீர் முழங்கால் தொடுகிற இடத்துக்கு அழைத்துப்போய், ஒரு சாய்ந்த கண்டலின் மேல் அவர் கையை வைத்தாள். யோகனின் விரல்கள் பட்டையில் போய், ஓரிடத்தில் நின்றன. அங்கே கயிறு உராய்ந்து உராய்ந்து மரம் வழுவழுப்பாகிப் பள்ளம் விழுந்திருந்தது.

"இது தெரியாதா? எண்ட தோணி கட்டுற மரம்" என்றார்.

"சரி" என்றாள் மதுஷா. பிறகு, வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டாள்: "நாளைக்கு எங்க கட்டுவீங்க அப்பா?"

விளையாட்டு முடிந்தது. மற்றவர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டு தேத்தண்ணிக்குப் போனார்கள். யோகன் மட்டும் கட்டிய கண்ணோடு, கையை மரத்திலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். மதுஷாவும் பக்கத்தில் நின்றாள். ரஜனி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். போய் ஏதாவது சொல்லலாமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். இந்தத் தடவை நான் கேட்டு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை எனக்குப் பஸ். புறப்படுவதற்கு முன் கரையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரஜனியோடு போனேன். உழவு இயந்திரம் மண்ணோடு ஏற்கெனவே தெருவில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வேலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். உள்ளே யோகன் முளைக்கம்புகளை அடித்து, மீன் வலைக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மதுஷா பள்ளி உடுப்போடு கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். ஒரு நாற்காலியில் தண்ணீர்ப் பாட்டிலில் சாத்தி வைத்த கைபேசியில், வீடியோ அழைப்பில், ஒரு பெண்ணின் முகம். தலையில் வெள்ளைத் துணி, பின்னால் குறுகிய சுவர். தர்சினி. அங்கே இன்னும் விடிந்தும் விடியாத நேரம், எசமானி எழுவதற்கு முன் பேசுகிறாள் என்று ரஜனி கிசுகிசுத்தாள்.

யோகன் என்னைப் பார்த்ததும் தலையசைத்தார்.

"ராத்திரி தர்சினியும் நானும் கதைச்ச. வீடு மகள்ட, வளவும் அவட. நாளைக்கு இஞ்ச இரிக்கப்போறது அவதான். அப்ப அவட்டத்தானே கேக்கணும்? கேட்டன். வீடும் வேணுமாம், கண்டலும் வேணுமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நாலு அறை ரெண்டாப் போச்சு. ஒண்டு அவக்கு, ஒண்டு தாய்க்கு."

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்குத்தான் தோணி இரிக்கே. கட்டவும் மரம் இரிக்கு."

கயிறு இழுத்துக் கட்டியாயிற்று. காய்ந்த நிலத்துக்குள்ளேயே முன்பக்கம் ஒரு கூடமும் ஓர் அறையும் அடங்கிவிட்டன. பின்பக்கத்து அறை மட்டும் கண்டலுக்குள் கொஞ்சம் நீண்டது. கயிற்றுக்கு உள்ளே இரண்டு மரங்கள் நின்றன, பெரிய மரங்கள்கூட இல்லை, என் இடுப்பு உயரம். அவற்றின் காலடியில் மதுஷாவின் நண்டு வளைகள். அவள் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தாள். முளைக்கம்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தாள்.

"மகள், அது அம்மாட அறை" என்றார் யோகன். குரல் கடுமையாக இல்லை, ஆனால் உறுதியாக இருந்தது. "அத குறைக்கேலா. மூணு வரிசமா அவ அங்க கிடந்து பாடுபடுறா. வந்து காலை நீட்டிப் படுக்க ஒரு நல்ல அறை வேணும்."

மதுஷா கம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.  தெருவில் ஓட்டுநர் இயந்திரத்தைக் கிளப்பினார்.

கைபேசியிலிருந்து தர்சினி கூப்பிட்டாள். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. ரஜனி ஓடிப்போய்க் கைபேசியை எடுத்து மதுஷாவிடம் கொடுத்தாள். நானும் அருகில் போனேன்.

"என்ன மரம் மகள் அது? கிட்டக் காட்டு."

மதுஷா காட்டினாள். இரண்டு கண்டலையும், வளைகளையும், வெளியே வந்து கையாட்டிய ஒரு நண்டையும். தர்சினி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடம் அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. ஒரு கட்டில், கட்டிலின் தலைமாட்டில் ஒரு சுவர், கால்மாட்டில் ஒரு சுவர். ஜன்னல் இல்லை.

"கம்பப் புடுங்கு" என்றாள். "ரெண்டு மரமும் வெளிய நிக்கிறாப்போல இஞ்சால நடு. எண்ட அறையில இரிந்து எடு மகள்."

"அம்மா, உங்களுக்குச் சின்னதாப் போயிடும்."

"பரவாயில்ல. எனக்குச் சின்ன அறை பழகிட்டு. ஒரு ஜன்னல் மட்டும் அந்தப் பக்கம் பாத்து வைக்கச் சொல்லு."

யோகன் கயிற்றைத் தளர்த்தினார். மதுஷா கைபேசியை என் கையில் தந்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பைப் பிடுங்கினாள்.